எண்ணலும் எடுத்தலும்: சாலைத் தெருவில் இல்லாத ஒரு செம்பு

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு விடைத்தாள் என் கைக்கு வந்தது. எழுதியவள் பத்தாம் வகுப்பு மாணவி. தமிழ்வழியில் படிப்பவள். அவளுடைய தந்தை திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை செய்கிறார். ஆ. மாதவனின் கதைகளைப் படித்தவர்களுக்கு அத்தெருவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை அவள் என்னிடம் வேதியியல் ஐயங்களைக் கேட்க வருவாள். அவள் கொண்டுவந்தது ஒரு தனிப்பயிற்சி நிலையம் நடத்திய மாதிரித் தேர்வின் தாள். அதில் ஒரு வினா இவ்வாறு இருந்தது:

"செம்பின் அணு எண் 29, அணு நிறை 63.5. செம்பின் நடுநிலை அணு ஒன்றில் உள்ள புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் ஆகியவற்றின் எண்ணிக்கை யாது?" மதிப்பெண் மூன்று.

அவள் எழுதிய விடை: "புரோட்டான் 29. எலக்ட்ரான் 29. நியூட்ரான் 34 அல்லது 36. எந்த ஐசோடோப்பு என்று வினாவில் இல்லை."

அவளுக்குக் கிடைத்தவை இரண்டு மதிப்பெண்கள். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "64 − 29 = 35. ஒரே விடை எழுதுக."

ஒரு மதிப்பெண்ணுக்காகவா இவ்வளவு நீண்ட பதிவு என்று நண்பர்கள் கேட்கலாம். ஆம், அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகத்தான். இவ்விடத்தில் மாணவியின் விடை சரி, விடைக்குறிப்பு தவறு. இது பார்வை வேறுபாடு அன்று, நடைமுறை வசதி பற்றிய கருத்து வேறுபாடும் அன்று. விடைக்குறிப்பு சொல்லும் செம்பு அவளுடைய தந்தை வேலை செய்யும் கடையில் இல்லை. சாலைத் தெரு முழுவதும் தேடினாலும் கிடைக்காது. உலகின் எந்தச் செம்புச் சுரங்கத்திலும் அது இல்லை. இல்லாத பொருளை எண்ணச் சொல்லிவிட்டு, இருக்கும் பொருளை எண்ணியவளுக்கு மதிப்பெண்ணைக் கழித்திருக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். இயற்கையில் நிலைத்திருக்கும் செம்பு இரண்டு வகை மட்டுமே. ஒன்று செம்பு-63: 29 புரோட்டான்கள், 34 நியூட்ரான்கள். மற்றொன்று செம்பு-65: 29 புரோட்டான்கள், 36 நியூட்ரான்கள். நூறு செம்பணுக்களை எடுத்தால் ஏறத்தாழ 69 முதல் வகை, 31 இரண்டாம் வகை. இவ்விரண்டின் நிறைகளையும் அவை கலந்துள்ள விகிதத்தில் சேர்த்துச் சராசரி கண்டால் வருவதே 63.546 என்னும் அட்டவணை எண். அதை 64 என்று முழுமையாக்கி, 29-ஐக் கழித்து, 35 நியூட்ரான்கள் என்கிறது விடைக்குறிப்பு. அந்த 69 அணுக்களிலும் 35 இல்லை; அந்த 31 அணுக்களிலும் 35 இல்லை.

அரிசி மண்டியில் 10 கிலோ மூட்டையும் 25 கிலோ மூட்டையும் மட்டுமே விற்கின்றன என்று கொள்வோம். மாத இறுதியில் கணக்குப்பிள்ளை சராசரி கண்டு, விற்ற மூட்டை ஒன்றுக்கு 17 கிலோ என்று எழுதுகிறார். அவர் எழுதியது தவறில்லை. மறுநாள் ஒருவர் வந்து அந்தப் பேரேட்டைக் காட்டி, "17 கிலோ மூட்டை ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால்தான் தவறு. நம் விடைக்குறிப்பு அந்த வாடிக்கையாளராக நிற்கிறது.

35 நியூட்ரான் கொண்ட செம்பு அடியோடு இல்லாத பொருளா என்றால், அதுவும் இல்லை. செம்பு-64 என்ற ஐசோடோப்பை ஆய்வகத்தில் உண்டாக்க முடியும். அது கதிரியக்கம் உடையது. அரை ஆயுள் ஏறத்தாழ 12.7 மணி நேரம். மிகச் சிறிய அளவில் மருத்துவப் படமெடுப்புக்குப் பயன்படுகிறது. அந்த விடைக்குறிப்பின்படி ஒரு செம்புக் குடம் செய்தால், கடைக்காரர் அதை விலை பேசி முடிக்குமுன் தன் வெப்பத்திலேயே அது உருகி ஆவியாகிவிடும். ஒருவேளை தப்பினாலும், ஒரு நாளில் அதன் முக்கால் பங்குக்கு அருகில் நிக்கலாகவும் துத்தநாகமாகவும் மாறியிருக்கும்.

செம்பு மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். அதே கடையில் அடுத்த அடுக்கில் பித்தளைக் குடம் இருக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. துத்தநாகத்தின் அட்டவணை நிறை 65.38. முழுமையாக்கினால் 65; அணு எண் 30-ஐக் கழித்தால் மறுபடியும் 35. ஆனால் நிலைத்த துத்தநாகங்கள் 64, 66, 67, 68, 70 ஆகியவை மட்டுமே. துத்தநாகம்-65 கதிரியக்கம் உடையது. அரை ஆயுள் ஏறத்தாழ 244 நாள். ஆக, பித்தளைக் குடத்தின் இரு பகுதிகளும் நம் விடைக்குறிப்பில் இல்லாத பொருளால் ஆனவை.

நகைக்கடைக்குப் போனால் வெள்ளிக் கொலுசு. வெள்ளியின் அட்டவணை நிறை 107.87. முழுமையாக்கினால் 108, 47-ஐக் கழித்தால் 61. இயற்கை வெள்ளி இரண்டு வகை: வெள்ளி-107, வெள்ளி-109. நியூட்ரான்கள் 60 அல்லது 62. வெள்ளி-108-இன் அரை ஆயுள் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். கொலுசைக் கட்டிப் பெட்டியில் வைப்பதற்குள் பாதி போய்விடும்.

பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோமே, அந்த வெள்ளீயத்திற்கு நிலைத்த ஐசோடோப்புகள் பத்து. வேறெந்தத் தனிமத்திற்கும் இத்தனை இல்லை. அட்டவணை நிறை 118.71-ஐ முழுமையாக்கினால் 119, நியூட்ரான் 69. அப்படி ஓர் ஐசோடோப்பு உண்டு. ஆனால் நூறில் ஒன்பதுக்கும் குறைவான அணுக்களே அந்த வகை. மிகுதியாக உள்ளது வெள்ளீயம்-120. பத்து விடை உள்ள வினாவுக்கு "ஒரே விடை எழுதுக" என்பது என்ன கட்டளை?

அதே நகைக்கடையில் தங்கத்துக்கு மட்டும் இந்த முறை பிழைக்காது. இயற்கைத் தங்கம் முழுவதும் தங்கம்-197. 79 புரோட்டான்கள், 118 நியூட்ரான்கள். அட்டவணை நிறை 196.97. முழுமையாக்கினால் சரியான விடை வருகிறது. சோடியம், அலுமினியம், அயோடின் போன்றவற்றுக்கும் அப்படியே. தங்கத்துக்கு ஒரே நிலைத்த ஐசோடோப்பு இருப்பதால் வந்த விடை அது. நம் முறை சரியாக இருப்பதால் வந்தது அன்று.

பிழையின் வேர் எங்கே? நம் மரபு அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று பிரித்து வைத்தது. எண்ணுவது வேறு, நிறுப்பது வேறு. சாலைக்கு வரும் தமிழ்நாட்டவர் எவரும் முதல் நாளிலேயே இந்த வேறுபாட்டை உணர்வார். தமிழ்நாட்டில் பல இடங்களில் வாழைப்பழத்தை எண்ணி விற்பார்கள். இங்கே தராசில் வைத்து நிறுப்பார்கள். ஏத்தன் பழம் ஒரு கிலோ வாங்கினால் ஆறு வரலாம், ஏழு வரலாம். ஒரு பழத்தின் சராசரி எடையைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு பழத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நிறை எண் என்பது எண்ணல். அது ஓர் அணுக்கருவில் உள்ள புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் ஒன்று, இரண்டு என எண்ணிப் பெற்ற கூட்டுத்தொகை. ஆகவே அது எப்போதும் முழு எண். அணு நிறை என்பது எடுத்தல். அது ஒரு தனிமத்தின் பல ஐசோடோப்புகள் கலந்த கலவையை நிறுத்துப் பெற்ற சராசரி. முழு எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. தனி ஓர் அணுவை நிறுத்தாலும் முழு எண் வராது. செம்பு-63 அணுவின் நிறை 62.93. அணுக்கருவைப் பிணைக்கும் ஆற்றலுக்காகச் சிறிது நிறை குறைந்திருக்கிறது. முழு எண்ணாகவே வரும் ஒரே அணு கார்பன்-12. அதையே அளவுகோலாக வரையறுத்துக்கொண்டதால் சரியாக 12.

இரண்டு சொற்களிலும் 'நிறை' இருப்பது மாணவரைக் குழப்புகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலங்கைப் பாடநூல்களின் 'திணிவெண்' என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. இது மூலச் சொல்லிலிருந்தே வந்த குறை. சொல்லை மாற்றப் போராட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "நிறை எண் நிறையைச் சொல்லாது, எண்ணிக்கையைச் சொல்லும்" என்று வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டு, கழித்தல் கணக்கை மட்டும் நூறு முறை செய்ய வைக்கிறோம்.

வினாவிலுள்ள 'நடுநிலை' என்ற சொல்லையும் கவனியுங்கள். அதை அலங்காரச் சொல்லாகக் கடந்துபோகிறோம். எலக்ட்ரான் எண்ணிக்கை புரோட்டான் எண்ணிக்கைக்குச் சமம் என்று சொல்ல நமக்கு உரிமை தருவது அந்தச் சொல் ஒன்றே. பலசரக்குக் கடையில் உப்பு வாங்குகிறோம். அதில் நடுநிலையான சோடியம் அணு இல்லை; 11 புரோட்டான்களும் 12 நியூட்ரான்களும் 10 எலக்ட்ரான்களும் கொண்ட அயனி இருக்கிறது. குளோரின் பக்கம் 17 புரோட்டான்கள், 18 எலக்ட்ரான்கள். நியூட்ரான் 18 அல்லது 20. செம்புக் குடத்தில் பச்சையாகப் படியும் களிம்பிலும் இதே நிலைதான்: 29 புரோட்டான்கள், 27 எலக்ட்ரான்கள். புளி போட்டுத் தேய்த்துக் களிம்பைப் போக்குகிறோம். அந்த வேதியியல் முழுவதும் எலக்ட்ரான்களின் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் 34 நியூட்ரான் 35 ஆகாது. புரோட்டான் தனிமத்தின் பெயரைச் சொல்கிறது. எலக்ட்ரான் அதன் கொடுக்கல் வாங்கலைச் சொல்கிறது. நியூட்ரான் அது நிலைக்குமா, சிதையுமா என்பதில் பங்கு கொள்கிறது. மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு மூன்று விடைகள். இவற்றை ஒரே கழித்தலின் மூன்று வரிகளாக்கியது நாம்.

இந்த வேறுபாட்டைக் கண்டறிய அறிவியலுக்கே நீண்ட காலம் பிடித்தது. ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே நிறை உடையவை என்பது டால்டன் விட்டுச்சென்ற நம்பிக்கை. 1913-இல் பிரெடரிக் சாடி 'ஐசோடோப்பு' என்ற சொல்லை முன்வைத்தார். மருத்துவர் மார்கரெட் டாட் அவருக்கு எடுத்துக் கொடுத்த சொல் அது. கருத்தை நிறுவச் சான்று வேண்டியிருந்தது. அச்சான்றில் ஒரு பகுதி நமக்கு அண்மையிலிருந்து சென்றது. இலங்கையில் கிடைத்த தோரைட் என்னும் தோரியக் கனிமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்து நிறுத்தார்கள். வழக்கமான ஈயத்தின் அணு நிறை 207.2, இலங்கை ஈயம் ஏறத்தாழ 207.7. யுரேனியக் கனிமங்களிலிருந்து வந்த ஈயமோ 206-ஐ ஒட்டி நின்றது. வேதிவினையில் மூன்றும் ஒன்றே. தராசில் மூன்றும் வேறு. தோரியம்-232 படிப்படியாகச் சிதைந்து இறுதியில் ஈயம்-208 ஆகிறது. யுரேனியம்-238 ஈயம்-206 ஆகிறது. நியூட்ரான்கள் முறையே 126, 124.

1919-இல் ஆஸ்டன் நிறை நிரல் வரைவியை அமைத்தார். குளோரினை அதில் செலுத்தியபோது 35-இலும் 37-இலும் கோடுகள் விழுந்தன, 35.5-இல் ஒன்றும் விழவில்லை. நியூட்ரானைச் சாட்விக் கண்டறிந்தது 1932-இல். அதன் பிறகே அந்தக் கழித்தலின் விடைக்கு ஒரு பொருளின் பெயர் கிடைத்தது. இத்தனை பேர் உழைத்துப் பிரித்து வைத்ததை, ஒரு விடைக்குறிப்பு ஒரே வரியில் டால்டன் காலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது.

இதற்கு மேலும் ஒரு செய்தி. அணு நிறைகளை வரையறுக்கும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 2021-இல் ஈயத்தின் அணு நிறையை ஒற்றை எண்ணாகத் தருவதைக் கைவிட்டு, 206.14 முதல் 207.94 வரை என்று வீச்சாக அறிவித்தது. ஈயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து நிறை மாறும் என்பதே காரணம். வீச்சை எப்படி முழுமையாக்குவீர்கள்? 206 என்றா, 207 என்றா, 208 என்றா?

இனி, வழக்கமாக எழும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

"பிள்ளைகளுக்கு எளிமை வேண்டும்" என்பது முதல் மறுப்பு. வினாவில் "செம்பு-63" என்று எழுதுங்கள். 63-லிருந்து 29-ஐக் கழிப்பது எளிமை. தசமத்தை முழுமையாக்கிப் பின் கழிப்பது அதைவிடக் கடினம், கூடவே தவறும். எளிமையின் பெயரால் கடினமான பொய்யைக் கற்பிக்கிறோம்.

"தேர்வுக்கு ஒரே விடை வேண்டும்" என்பது இரண்டாவது. மிக நன்று. ஒரே விடை வேண்டுமானால் ஒரே பொருளைச் சுட்டிக் கேளுங்கள். சுட்டாமல் கேட்பது வினாவமைப்பாளரின் குறை. அதற்கான தண்டனை ஏன் மாணவிக்கு?

"இது தோராயமான விடை, இதில் பிழையில்லை" என்பது மூன்றாவது. நிறுப்பதற்குத் தோராயம் உண்டு. எண்ணுவதற்கும் உண்டுதான், திருவிழாக் கூட்டத்தைத் தோராயமாக எண்ணலாம். ஆனால் ஒற்றை அணுக்கருவுக்குள் தோராயமாக 35 என்றால் என்ன பொருள்? 34 என்பது 35-க்கு நெருங்கிய செம்பு அன்று. ஒன்று காலகாலமாக நிலைத்திருப்பது. மற்றது அரை நாளில் பாதியாவது.

நான்காவது மறுப்பைச் சற்று மதிக்கிறேன். "முழுமையாக்கினால் மிகுதியாக உள்ள ஐசோடோப்புக் கிடைக்கும், அதற்கான குறுக்குவழி இது." கார்பன், ஆக்சிஜன், இரும்பு ஆகியவற்றுக்கு இது பலிக்கிறது. செம்பு, துத்தநாகம், வெள்ளி, வெள்ளீயம், புரோமின் ஆகியவற்றுக்குப் பலிக்கவில்லை. எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று அந்த விதியே சொல்லுமா? சொல்லாது. ஐசோடோப்புப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். பட்டியலைப் பார்த்த பிறகு குறுக்குவழி எதற்கு?

நான் மேலே காட்டிய பிழைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனித்தீர்களா? செம்பிலும் வெள்ளியிலும் இயற்கை 34, 36 என்றும் 60, 62 என்றும் இரட்டை எண்களில் நிற்கிறது. நம் விடைக்குறிப்போ நடுவில் உள்ள ஒற்றை எண்ணில் விழுகிறது. இது தற்செயல் அன்று. அணுக்கருவினுள் நியூட்ரான்கள் இணை சேர்கின்றன, புரோட்டான்களும் அவ்வாறே. இரண்டும் ஒற்றைப்படையாக அமைந்த கருக்களில், அடிநிலையில் நிலைத்திருப்பவை நான்கே: ஹைட்ரஜன்-2, லித்தியம்-6, போரான்-10, நைட்ரஜன்-14. செம்பின் புரோட்டான் 29, ஒற்றை. அதனோடு 35 என்ற ஒற்றை சேர்ந்தால் அது நிலைக்காது. ஆக, நியூட்ரான் எண்ணிக்கையில் மிக முக்கியமான செய்தி அது ஒற்றையா இரட்டையா என்பதே. முழுமையாக்கும் முறை சரியாக அந்தச் செய்தியைத்தான் அழிக்கிறது.

அந்தச் செய்தி அழிந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களைத் திருவனந்தபுரத்திலிருந்து கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தெற்கே மணவாளக்குறிச்சி; வடக்கே சவரா. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அன்றைய திருவிதாங்கூரின் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அன்று அதற்கு விலை இருந்தது விளக்குக்காக. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் ஒளிர்ந்தது தோரியம் ஆக்சைடால்தான். பின்னர் அதே தோரியம் அணு ஆற்றலின் பெயரால் பேசப்பட்டது. நம் மோனசைட்டில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்சைடு இருக்கிறது.

இம்மணலைப் பற்றி மேடைகளில் இரண்டு வகைப் பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். ஒரு சாரார், "நம் கடற்கரையிலேயே அணு எரிபொருள் கொட்டிக் கிடக்கிறது, அள்ளி உலையில் இட்டால் மின்சாரம்" என்பர். மறு சாரார், "இம்மணலை அள்ளிப் போய்க் குண்டு செய்கிறார்கள்" என்பர். இரு சாராரும் செய்யாத ஒரு வேலை, பத்தாம் வகுப்புக் கழித்தல்.

தோரியம்-232: புரோட்டான் 90, எலக்ட்ரான் 90, நியூட்ரான் 232 − 90 = 142. இரட்டை எண். யுரேனியம்-235: நியூட்ரான் 143, ஒற்றை. மெதுவான ஒரு நியூட்ரான் யுரேனியம்-235-க்குள் நுழைந்தால், இணையின்றி நின்ற நியூட்ரானுக்கு இணை கிடைக்கிறது, ஏறத்தாழ 6.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. கருவைப் பிளக்க அது போதும். தோரியம்-232-க்குள் நுழையும் நியூட்ரானோ இணையில்லாத 143-ஆவதாக நிற்கிறது; கிடைப்பது ஏறத்தாழ 4.8 மட்டுமே. அது போதாது. 146 நியூட்ரான் உள்ள யுரேனியம்-238-இன் கதையும் இதுவே. ஆகவே தோரியம் தானாக எரிபொருள் ஆகாது. எரிபொருளாக மாற்றப்பட வேண்டிய மூலப்பொருள் அது.

மாற்றத்தையும் எண்ணியே அறியலாம். தோரியம்-232 ஒரு நியூட்ரானை ஏற்றால் தோரியம்-233: 90 புரோட்டான்கள், 143 நியூட்ரான்கள், 90 எலக்ட்ரான்கள். அரை ஆயுள் ஏறத்தாழ 22 நிமிடம். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறிப் புரோட்டாக்டினியம்-233 பிறக்கிறது: 91, 142, 91. ஏறத்தாழ 27 நாள் அரை ஆயுளில் அதுவும் சிதைந்து யுரேனியம்-233: 92, 141, 92. 141 ஒற்றை எண், இப்போதுதான் எரிபொருள். கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் காமினி உலையின் எரிபொருள் இந்த யுரேனியம்-233. மணலுக்கும் அந்த உலைக்கும் இடையில் ஒரு நியூட்ரானும், அதை வழங்க வேறோர் எரிபொருளில் இயங்கும் உலையும், கடினமான வேதிப் பிரிப்பும் நிற்கின்றன. இதை அறியாமல் கொட்டும் முரசும் வீண்; கிளப்பும் அச்சமும் வீண்.

கடற்கரையில் மணல் எடுக்கலாமா கூடாதா என்பது வேறு வினா. அதில் கடலரிப்பும் மீனவர் வாழ்வும் நிலவுரிமையும் மக்கள் உடல்நலமும் அடங்கியுள்ளன. அதற்கு இந்தக் கழித்தல் விடை சொல்லாது. ஆனால் அவ்விவாதத்தில் அமர்பவர் தோரியம் என்ற பெயருக்கும் தோரியம்-232 என்ற பொருளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறிந்து அமர வேண்டும். "எந்த ஐசோடோப்பு?" என்று கேட்கத் தெரிந்த குடிமகளை எந்த மேடையும் எளிதில் ஏமாற்ற முடியாது. அப்படிக் கேட்ட ஒருத்தியைத்தான் நாம் "ஒரே விடை எழுதுக" என்று அடக்கியிருக்கிறோம்.

இந்தப் பழக்கம் ஒரு பயிற்சி நிலையத்தோடு நிற்பதில்லை. "அட்டவணை நிறையை அருகிலுள்ள முழு எண்ணாக்கிக் கழி" என்று சொல்லும் பயிற்சித் தாள்கள் பல மொழிகளில் புழங்குகின்றன. எனவே வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களிடமும், நாளை ஆசிரியராகப் போகும் என் ஆய்வுத் தோழர்களிடமும் மூன்றே வேண்டுகோள்கள் வைக்கிறேன். நியூட்ரான் எண்ணிக்கையைக் கேட்டால் நிறை எண்ணைத் தாருங்கள். அணு நிறையைத் தந்து நியூட்ரானைக் கேட்காதீர்கள். எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கேட்டால் நடுநிலை அணுவா, அயனியா என்று சொல்லுங்கள். வினாவில் தரவு போதாது என்று காரணத்தோடு எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். இதற்கு நிதி வேண்டாம், குழு வேண்டாம், பாடத்திட்டத் திருத்தமும் வேண்டாம்.

என் பங்கையும் மறைக்கக் கூடாது. செம்பு-63, செம்பு-65 என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். அந்த வகையில் ஒரு மதிப்பெண்ணை இழக்கச் செய்தவர்களில் நானும் ஒருத்தி. தாளை மடித்து வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "அக்கா, அரசுத் தேர்விலும் இப்படி வந்தால் 35 என்றே எழுதிவிடவா?"

கற்பிப்பவர் எவரும் கேட்க விரும்பாத கேள்வி அது. "எழுதிவிடு" என்றால் மதிப்பெண் கிடைக்கும். தனக்குத் தெரிந்ததை மறைக்கும் பழக்கமும் கூடவே கிடைக்கும். "எழுதாதே" என்றால், பிறர் செய்த பிழைக்கு அவள் விலை கொடுக்க வேண்டும். பள்ளிக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்துக் கட்டும் வீட்டுப் பெண்ணிடம் அந்த விலையைக் கொடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? "இரண்டு ஐசோடோப்புகளையும், உன் காரணத்தையும் எழுது, பயிற்சி நிலையத்திற்கு நான் வந்து பேசுகிறேன்" என்றேன். நாளை மாலை போகிறேன். விடைக்குறிப்பைத் திருத்துமாறு எழுத்தில் கேட்கப் போகிறேன்.

இப்பதிவில் பிழையிருப்பின் சுட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். 35 நியூட்ரான் கொண்ட செம்புக் குடம் சாலையில் எங்கேனும் விற்பனைக்கு இருந்தால் அதையும் தெரிவியுங்கள்.